கான்ட்ராக்டிலிருந்து நிரந்தர வேலைக்கு: ஒரே நிதியாண்டில் இரண்டு வகை வருமானம் வந்தால் வரி எப்படி மாறும்?

மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு பில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மென்பொருள் கன்சல்டன்ட்டை அதே நிறுவனம் நிரந்தர ஊழியராக எடுத்துக்கொள்கிறது. ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 24 லட்சம் சிடிசி, அதாவது ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. "அதே தொகைதான், கூடவே பிஎஃப், இன்ஷூரன்ஸ், லீவு எல்லாம் உண்டு" என்கிறார் ஹெச்ஆர். முதல் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும்போது ஏறத்தாழ 1,51,000 ரூபாய்தான் இருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. 24 லட்சம் என்ற எண் மட்டும்தான் இரண்டு இடத்திலும் ஒன்று. அதன் உள்ளடக்கமும் அதன்மேல் விழும் வரியும் வேறு.

அந்த வேறுபாட்டைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கணக்கிட்டுவிடலாம். இங்கே உள்ள எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை, பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன: தொழில் வருமானத்தை எளிய முறையில் கணக்கிட உதவும் 44ஏடிஏ பிரிவு அங்கே 58ஆம் பிரிவுக்குள் போகிறது, சம்பளத்திலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸைச் சொல்லும் 192ஆம் பிரிவு 392 ஆகிறது. கணக்கின் அடிப்படை அப்படியே இருக்கிறது.

நீங்கள் உண்மையில் கான்ட்ராக்டரா?

நம் ஊரில் "கான்ட்ராக்ட்ல இருக்கேன்" என்று சொல்பவர்களில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு வேறு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் ஒரு வகை. தாமே இன்வாய்ஸ் எழுதி அனுப்பிக் கட்டணம் வாங்குபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் வரிச் சட்டத்தின் பார்வையில் ஏற்கெனவே சம்பளக்காரர்கள். அவர்களுக்கு இது சாதாரண வேலை மாற்றம்தான்: முந்தைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி மூலம் புது நிறுவனத்துக்குக் கொடுத்து, பிஎஃப் கணக்கை மாற்றிக்கொண்டால் போதும்.

சந்தேகம் இருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து, டிடிஎஸ் பிடித்த பிரிவு எது என்று பாருங்கள். 192 என்றிருந்தால் சம்பளம். 194ஜே அல்லது 194சி என்றிருந்தால் தொழில் வருமானம். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினருக்கானது.

வரி எங்கே பிறக்கிறது?

மென்பொருள், பொறியியல், மருத்துவம், சட்டம், கணக்கியல், கட்டட வடிவமைப்பு, உள் அலங்காரம், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களைச் செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்ற எளிய வழி இருக்கிறது. ஆண்டு வரவில் 50 விழுக்காட்டை வருமானமாகக் காட்டலாம். அதிகம் காட்ட விரும்பினால் அதையும் காட்டலாம். மீதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், பில்களைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை. ஆண்டு வரவு 50 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ரொக்கமாக வந்தது மொத்த வரவில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இந்த எல்லை 75 லட்சம்.

24 லட்சம் வரவில் பாதி 12 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சத்துக்கான வரி 60,000 ரூபாய். 87ஏ பிரிவின் தள்ளுபடியும் அதே 60,000. ஆகவே கட்ட வேண்டிய வரி பூஜ்யம். நிறுவனம் 10 விழுக்காடு பிடித்திருந்த 2,40,000 ரூபாய் முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பி வரும். சேமிப்புக் கணக்கு வட்டி வந்து 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் பயப்பட வேண்டாம். தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி விளிம்பு நிவாரணம் தடுக்கும்.

அதே 24 லட்சம் சிடிசி ஆனதும் என்ன ஆகிறது? பேஸிக் சம்பளம் பாதி, அதாவது மாதம் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 12 விழுக்காடு, ஆண்டுக்கு 1,44,000. கிராஜுவிட்டிக்கென்று (பணியை விட்டுப் போகும்போது தரும் தொகை) பேஸிக்கில் 4.81 விழுக்காட்டை ஒதுக்குவார்கள் (15ஐ 26ஆல் வகுத்து, அதை 12ஆல் வகுத்தால் வரும் எண் அது), அது 57,720. இந்த இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். மிஞ்சும் மொத்தச் சம்பளம் 21,98,280. நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 21,23,280. புதிய முறையில் 20 லட்சம் வரை வரி 2,00,000, அதற்கு மேலுள்ள 1,23,280க்கு 25 விழுக்காடு, மொத்தத்தின்மேல் 4 விழுக்காடு செஸ். ஆக 2,40,053 ரூபாய். ஊழியர் பங்கு பிஎஃப் 1,44,000, தொழில் வரி 2,500 போனால் ஆண்டுக்குக் கையில் வருவது 18,11,727.

இழப்பு என்று முழுவதையும் சொல்லிவிட முடியாது. பிஎஃப்பில் இரு பங்கும் சேர்ந்து 2,88,000 ரூபாய் உங்கள் பெயரில்தான் சேர்கிறது. உங்கள் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும்வரை அதன் வட்டிக்கும் வரி இல்லை. உண்மையில் கைவிட்டுப் போனது வரியாகப் போன 2,40,053 ரூபாய்.

அப்படியானால் எவ்வளவு சிடிசி கேட்டால் பழைய நிலைக்குச் சமம்? இதே அமைப்பில் 27 லட்சம் சிடிசியை எடுத்துக்கொண்டால் வரி 3,11,497 ரூபாய். கையில் வருவது 19,97,068, இரு பங்கு பிஎஃப் 3,24,000, கிராஜுவிட்டி ஒதுக்கீடு 64,935. மூன்றையும் கூட்டினால் 23,86,003. கன்சல்டன்ட்டாக இருந்தபோது தொழில் வரி போக மிஞ்சிய 23,97,500க்கு இது மிக அருகில் வருகிறது. ஆகவே மாதம் 2 லட்சம் பில் போட்டவருக்குச் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய 27 லட்சம் சிடிசி.

இதில் சொந்தமாக வாங்கிய லேப்டாப், குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டுத் தவணை, ஆடிட்டர் கட்டணம், பில் போட முடியாத விடுமுறை நாட்கள் ஆகியவற்றைக் கழிக்கவில்லை. அவை உங்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ஆகின்றன என்றால் 25 லட்சமே நியாயமான தொகையாக இருக்கலாம். கிராஜுவிட்டியையும் முழுப் பணமாக எண்ணிவிடாதீர்கள். நிரந்தர ஊழியருக்கு அது ஐந்தாண்டுப் பணி முடிந்த பிறகே கிடைக்கும். கன்சல்டன்ட்டாக அதே இடத்தில் இருந்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது. ஆஃபர் பேசும்போது இந்த எண்களோடு போங்கள். கையெழுத்துக்குப் பிறகு பேரோல் பிரிவினரிடம் பேசி இதை மாற்ற முடியாது.

மாறும் ஆண்டில் நடக்கும் பிழை

முழு ஆண்டு கணக்கு எளிது. ஆண்டின் நடுவில் மாறும்போதுதான் சிக்கல் வருகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கன்சல்டன்ட், அக்டோபர் 1 முதல் ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாத வரவு 12 லட்சம். 44ஏடிஏ படி வருமானம் 6 லட்சம். அடுத்த ஆறு மாதச் சம்பளம் 10,99,140.

பேரோல் மென்பொருளுக்குத் தெரிவது சம்பளம் மட்டுமே. 75,000 கழித்தால் 10,24,140. அது 12 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம் ஆகிறது, டிடிஎஸ் பிடிப்பதே இல்லை. ஊழியரும் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த ஆண்டு ஒன்றுதான். இரண்டு வருமானமும் சேர்ந்து 16,24,140. அதற்கு வரி 1,24,828, செஸ்ஸோடு 1,29,821 ரூபாய்.

இனி எல்லாம் முதல் ஆறு மாதத்தில் என்ன விழுக்காட்டில் டிடிஎஸ் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. தொழில்முறைச் சேவை என்று 10 விழுக்காடு பிடித்திருந்தால் 1,20,000 ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. 9,821 ரூபாய் கட்டினால் முடிந்தது. அது 10,000க்குக் கீழே என்பதால் ஆண்டு முடியும் முன்பே கட்ட வேண்டிய அட்வான்ஸ் டாக்ஸ் கடமையும் இல்லை. ஆனால் அதே 194ஜே பிரிவில் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு 2 விழுக்காடு என்ற விகிதமும் உண்டு. பல நிறுவனங்கள் மென்பொருள் கன்சல்டன்ட்டுகளுக்கு அதைத்தான் பிடிக்கின்றன. அப்படியென்றால் பிடித்தது 24,000 மட்டும், பாக்கி 1,05,821.

44ஏடிஏ காட்டுபவர்களுக்கு ஒரு சலுகை: நான்கு தவணையாக அல்லாமல், அட்வான்ஸ் டாக்ஸை மார்ச் 15க்குள் ஒரே தடவையில் கட்டலாம். அதையும் விட்டுவிட்டு ஜூலையில் ரிட்டர்ன் போடும்போதுதான் கணக்குப் பார்த்தால், 234பி பிரிவில் மாதம் 1 விழுக்காடு வீதம் நான்கு மாதத்துக்கு 4,232 ரூபாயும், 234சி பிரிவில் 1,058 ரூபாயும் வட்டி. பெரிய தொகையில்லைதான். ஆனால் ஒரே மாதத்தில் 1,05,821ஐயும் அதன்மேல் வட்டியையும் புரட்ட வேண்டியிருப்பதுதான் குடும்பத்தை நெருக்குகிறது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து படிவம் 12பிஏஏ நடைமுறையில் உள்ளது. வேறு வருமானம், அதில் பிடித்த டிடிஎஸ் இரண்டையும் அதில் எழுதி நிறுவனத்திடம் கொடுத்தால், அவர்கள் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு மாதாமாதம் பிடிப்பார்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே கொடுங்கள். பிப்ரவரியில் கொடுத்தால் ஆறு மாதத்துக்குப் பிரிய வேண்டிய வரி இரண்டு மாதச் சம்பளத்தில் இறங்கும். தொழில் நட்டத்தைக் காட்டிச் சம்பள டிடிஎஸ்ஸைக் குறைக்க இந்தப் படிவம் பயன்படாது. வீட்டுச் சொத்து நட்டமும் ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ், டிசிஎஸ் தொகையுமே கணக்கில் வரும். தன் பழைய வருமானத்தை நிறுவனத்துக்குச் சொல்ல விரும்பாதவர் மார்ச் 15க்குள் தானே கட்டிவிடலாம். அதுவும் முறையான வழிதான்.

எந்த மாதம் மாறுவது என்பதைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அதற்கும் பண மதிப்பு உண்டு. மேலே சொன்ன எண்களில் ஒவ்வொரு கன்சல்டன்ட் மாதமும் வரிக்குரிய வருமானத்தில் 1 லட்சம் சேர்க்கிறது. ஒவ்வொரு சம்பள மாதமும் சுமார் 1,83,000 சேர்க்கிறது. ஜனவரியில் மாறுபவருக்கு அந்த ஆண்டின் மொத்த வரி 89,633 ரூபாய், ஜூலையில் மாறுபவருக்கு 1,81,732. ஜனவரியில் சேர்ந்து மூன்று மாதச் சம்பளம் மட்டும் வாங்கினாலும் 75,000 ரூபாய் நிலையான கழிவு முழுமையாகக் கிடைக்கும். அதை மாதக் கணக்கில் வெட்ட மாட்டார்கள்.

கடைசி இன்வாய்ஸ்

செப்டம்பர் மாத வேலைக்கான பில் அக்டோபரில் போய், நவம்பரில் பணம் வருகிறது. அப்போது நீங்கள் ஊழியர். "சம்பளத்தோடு சேர்த்துப் போட்டுவிடலாமா?" என்று கணக்குப் பிரிவிலிருந்து கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்சல்டன்ட்டாகச் செய்த வேலைக்கு எப்போது பணம் வந்தாலும் அது தொழில் வருமானம்தான். சம்பளத்தில் கலந்தால் 50 விழுக்காட்டுச் சலுகை போய்விடும், பிஎஃப் கணக்கும் குழம்பும். தனிப் பணமாக, 194ஜே டிடிஎஸ் பிடித்து, அதற்கான டிடிஎஸ் சான்றான தனிப் படிவம் 16ஏ-யோடு வர வேண்டும்.

மார்ச் மாதத்தில் மாறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனம் மார்ச் 31 அன்று உங்கள் பில்லைத் தன் கணக்கில் வரவு வைத்துவிட்டால் டிடிஎஸ் அந்த ஆண்டின் 26ஏஎஸ்ஸில் ஏறிவிடும், பணம் ஏப்ரலில் வரும். டிடிஎஸ்ஸை ஓர் ஆண்டிலும் வருமானத்தை மற்றோர் ஆண்டிலும் காட்டினால் ரீஃபண்ட் நின்றுபோகும். வருமானத்தை எந்த ஆண்டில் காட்டுகிறீர்களோ அந்த ஆண்டில்தான் அதற்கான டிடிஎஸ்ஸைக் கோர முடியும். மற்ற ஆண்டுக்கு அதை முன்னெடுத்துச் செல்ல ரிட்டர்னில் இடம் உண்டு.

நிறுவனம் கடைசி பில்லை இழுத்தடித்தால், உத்யம் பதிவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவுப்படி, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்த நிறுவனம் அதைச் செலவாகக் காட்ட முடியாது. நிதிப் பிரிவுக்கு இதை நினைவூட்டினால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

ஜிஎஸ்டி பதிவை எப்போது மூடுவது?

சேவைக்கான எல்லை ஆண்டுக்கு 20 லட்சம் என்பதால் இந்த உதாரணக்காரர் பதிவு செய்து 18 விழுக்காடு வசூலித்துக்கொண்டிருப்பார். ஊழியர் தன் நிறுவனத்துக்குச் செய்யும் பணி ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. ஆனால் சேர்ந்த அன்றே பதிவை ரத்து செய்ய ஓடக் கூடாது. கடைசி இன்வாய்ஸை எழுதி, அதன் வரியைக் கட்டி, அதுவரைக்குமான ரிட்டர்ன்களைப் போட்ட பிறகு ஆர்இஜி-16 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தொழில் நின்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் என்பது விதி. ரத்து உத்தரவு வந்தபின் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். "ரத்து ஆகிவிட்டதே, இனி என்ன" என்று தளத்தை மூடிவிடுகிறார்கள். தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறுகிறது, பிறகு நோட்டீஸ் வருகிறது.

இறுதி ரிட்டர்னில் ஒரு செலவும் காத்திருக்கிறது. லேப்டாப் வாங்கியபோது கட்டி, பிறகு வரவாக எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டியில் (உள்ளீட்டு வரி) ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். இத்தகைய பொருளுக்கு ஆயுள் 60 மாதம் என்று விதி வைத்திருக்கிறது. 1 லட்சம் ரூபாய் லேப்டாப்புக்கு 18,000 ஜிஎஸ்டி கட்டி, அதை வரவு எடுத்து, 24 மாதம் பயன்படுத்தியிருந்தால் மிச்சம் 36 மாதம். திருப்ப வேண்டியது 10,800 ரூபாய். அதன் இன்றைய விலை 40,000 என்றால் அதன்மேல் வரி 7,200. இரண்டில் அதிகமானதைக் கட்ட வேண்டும் என்பதால் 10,800.

வரி முறைத் தேர்வும் படிவம் 10-ஐஇஏவும்

சம்பளம் மட்டும் வாங்குபவர் பழைய முறையா புதிய முறையா என்று ஆண்டுதோறும் ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ போட வேண்டும். போட்டபின் புதிய முறைக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புத்தான். அதையும் பயன்படுத்திவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை பழைய முறை மூடப்படும்.

மாறும் ஆண்டில் ஒரு மாதம்தான் கன்சல்டன்ட்டாக இருந்தீர்கள் என்றாலும் நீங்கள் தொழில் வருமானக்காரர்தான். நிறுவனத்தின் போர்ட்டலில் "பழைய முறை" என்று குறித்து, அதன்படியே டிடிஎஸ் பிடித்திருந்தாலும், 10-ஐஇஏ இல்லாமல் ரிட்டர்ன் போட்டால் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள். வீட்டு வாடகைக் கழிவு, சேமிப்புகளுக்கான 80சி கழிவு எல்லாம் ஒரே அடியில் போய்விடும். படிவம் போடாமல் ரிட்டர்ன் மட்டும் போட்டுவிட்டு டிமாண்ட் நோட்டீஸோடு வருபவர்கள் நிறையப் பேர்.

பழைய முறை உண்மையிலேயே லாபமா என்று முதலில் பாருங்கள். மேலே உள்ள 21,98,280 ரூபாய் சம்பளத்துக்குப் பழைய முறை புதியதோடு சமமாக வர, மொத்தக் கழிவு 8,03,880 தேவை. நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000 சேர்ந்தால் 2,27,500. மீதி 5,76,380 வாடகைப்படி விலக்கிலிருந்தும் வீட்டுக் கடன் வட்டியிலிருந்தும் வர வேண்டும். வீட்டுக் கடன் இல்லாதவர் சென்னையில் மாதம் 58,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்தால்தான் எட்டும். 2 லட்சம் கடன் வட்டிக் கழிவும் உள்ளவருக்கு 41,400 ரூபாய் அளவு வாடகை போதும். இதற்குக் கீழே இருப்பவர் பழைய முறைக்காக மெனக்கெட வேண்டாம்.

புதிய முறையில் இருப்பவருக்கு எஞ்சியிருக்கும் பெரிய கழிவு, நிறுவனம் கட்டும் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பங்கு. பேஸிக்கில் 14 விழுக்காடு வரை கழிவு உண்டு. நம் உதாரணத்தில் அது 1,68,000. வரி மிச்சம் 41,355 ரூபாய். இது நிறுவனத்தின் பங்காக, சிடிசியின் ஒரு கூறாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நீங்களே கட்டினால் புதிய முறையில் கழிவு இல்லை. பணம் நீண்டகாலம் பூட்டிக் கிடக்கும் என்பதையும் யோசித்துவிட்டு, ஆஃபர் கட்டத்திலேயே கேளுங்கள்.

பிஎஃப்பிலும் முதல் நாளில் மட்டும் கிடைக்கும் ஒரு தேர்வு உண்டு. முன்பு எப்போதும் பிஎஃப் உறுப்பினராக இல்லாத, பேஸிக் 15,000க்கு மேல் உள்ளவர் படிவம் 11 மூலம் விலகிக்கொள்ளலாம். அல்லது 15,000க்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 பிடிக்கும் வழக்கம் அந்த நிறுவனத்தில் உண்டா என்று கேட்கலாம். எங்கள் கருத்தில், வேறு ஓய்வுக்காலச் சேமிப்பு இல்லாத கன்சல்டன்ட் இதிலிருந்து விலகுவது நல்லதல்ல. அப்படி விலகினால் நிறுவனத்தின் பங்கு சம்பளமாகக் கைக்கு வந்து, அதற்கும் வரி விழும்.

தொழில் வரி சிறிய விஷயம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை, மேல் அடுக்கில் 1,250 ரூபாய். நீங்களே மாநகராட்சிக்குக் கட்டிய அரையாண்டுக்கு நிறுவனமும் பிடிக்கப் பார்த்தால் ரசீதைக் காட்டுங்கள்.

பழைய உறவை அதிகாரி கேள்வி கேட்டால்

ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே பான் எண். ஆறு மாதம் 194ஜே, ஆறு மாதம் 192. இதைப் பார்க்கும் அதிகாரிக்கு இயல்பாக எழும் கேள்வி: முதல் ஆறு மாதமும் இவர் ஊழியர்தானோ? அப்படி முடிவானால் 44ஏடிஏ போய், 12 லட்சமும் சம்பளமாகும். நிறுவனத்தின்மீதும் டிடிஎஸ் குறைவாகப் பிடித்த பழி வரும். மருத்துவமனைகளில் கன்சல்டன்ட் டாக்டர்களுக்குக் கொடுத்தது சம்பளமா கட்டணமா என்ற வழக்குகள் உயர் நீதிமன்றங்கள் வரை போயிருக்கின்றன.

தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950களிலேயே ஓர் அளவுகோலைக் காட்டியது: என்ன வேலை என்று மட்டுமல்ல, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிடும் அதிகாரம் முதலாளிக்கு இருக்கிறதா? ஆகவே கன்சல்டன்ட் காலத்து ஒப்பந்தத்தில் மாத விடுப்பு, வருகைப் பதிவு, வேறு வேலை செய்யத் தடை போன்ற விதிகள் இருந்தால் உங்கள் நிலை பலவீனம். சொந்தக் கருவி, பிற வாடிக்கையாளர்கள், செய்து முடித்த வேலைக்கேற்ப மாறும் பில் தொகை, ஜிஎஸ்டி பதிவு ஆகியவை பலம். இன்வாய்ஸ்களையும் ஒப்பந்தத்தையும் பழைய அலுவலக மின்னஞ்சலில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஊழியராக மாறும்போது அந்தக் கணக்கு மாறி, பழையது அழிந்துபோகலாம். ஜிஎஸ்டி ஆவணங்களை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருப்பது சட்டக் கட்டாயம்.

ரிட்டர்ன் போடும்போது

சம்பளமும் 44ஏடிஏ வருமானமும் சேர்ந்து 50 லட்சத்துக்குள் இருந்தால் ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். சம்பள டிடிஎஸ் சான்றான படிவம் 16 கையில் கிடைத்ததும் பழக்கதோஷத்தில் ஐடிஆர்-1 போட்டுவிடுபவர்கள் உண்டு. 26ஏஎஸ்ஸில் 194ஜே வரவு நிற்பதால் அந்த ரிட்டர்ன் குறைபாடுள்ளதாகத் திரும்பி வரும். புது நிறுவனம் பங்குகள் கொடுத்திருந்தால் ஐடிஆர்-4 பொருந்தாமல் போகலாம். பட்டியலிடப்படாத ஸ்டார்ட்அப்பின் பங்கை வாங்கி வைத்திருந்தாலும், வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்கு உங்கள் கணக்கில் வந்திருந்தாலும் ஐடிஆர்-3தான். வெளிநாட்டுப் பங்கு என்றால் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையையும் நிரப்ப வேண்டும்.

44ஏடிஏ இல்லாமல் உண்மைச் செலவுக் கணக்கு எழுதி நட்டம் காட்டியவர்களுக்கும் ஐடிஆர்-3தான். அந்தத் தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் தொழில் வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். நிரந்தர வேலையிலேயே இருந்துவிட்டால் அந்த நட்டம் பயன்படாமலேயே காலாவதியாகும். எனவே பெரிய செலவு செய்து நட்டம் காட்டிவிட்டு வேலையில் சேரும் திட்டம் யாருக்காவது இருந்தால், அதனால் வரி ஒன்றும் மிஞ்சாது.

அடுத்த ஆண்டு சம்பளம் மட்டும்தான் என்றால் ஐடிஆர்-1 அல்லது 2க்குப் போய், வரி முறையையும் இஷ்டம்போல் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு வார இறுதியில் சின்ன வேலை செய்து 20,000 ரூபாய் பில் போட்டாலும் மறுபடி தொழில் வருமானம் வந்துவிடும். 10-ஐஇஏ விதிகளும் ஐடிஆர்-4ம் கூடவே திரும்பும். அந்த வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன், வெளிவேலையை உங்கள் நியமன ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்றும் ஒரு முறை படித்துவிடுங்கள்.